திடீர் திடீர்னு ப்ளூ ஸ்க்ரீன் வருதா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

லேப்டாப்ல ப்ளூ ஸ்க்ரீன் (விண்டோஸ் சட்டுனு நின்னு போய் சோக மூஞ்சியோட நீலமா காட்டுற எரர் ஸ்க்ரீன்) வருதுன்னு யார்கிட்ட சொன்னாலும் வர்ற முதல் பதில் "ஃபார்மட் அடிச்சிடு". நானும் அதைத்தான் பண்ணேன், ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. முதல் தடவை பண்ணதும் நாலு நாள் ஒழுங்கா ஓடுச்சு, அப்பாடான்னு உக்காந்தா அஞ்சாவது நாள் மறுபடியும் அதே சோக மூஞ்சி. ரெண்டாவது தடவை விண்டோஸ் இன்ஸ்டால் ஆகிட்டு இருக்கும்போதே விழுந்துச்சு. அப்பத்தான் மண்டைல உறைச்சுது, புதுசா போடுற விண்டோஸே பாதில விழுதுன்னா தப்பு விண்டோஸ் மேல இருக்க வாய்ப்பே கம்மி. கடைசில பாத்தா ஒரு ரேம் ஸ்டிக். அதை முதல்லயே டெஸ்ட் பண்ணிருந்தா ஒரே ராத்திரில முடிஞ்சிருக்கும்.

அதனால சொல்றேன், முதல் வேலை சரி பண்றது இல்ல, கவனிக்கிறது. "ரேண்டமா வருது"ன்னு எல்லாரும் சொல்வோம், ஆனா முக்காவாசி கேஸ்ல அதுல ஒரு பேட்டர்ன் இருக்கும், நாமதான் எழுதி வைக்காததால கண்ணுல படல. ஒரு பேப்பர் எடுங்க, இல்ல போன்ல ஒரு நோட். ஒவ்வொரு தடவை விழும்போதும் நேரம், ஸ்க்ரீன்ல வந்த ஸ்டாப் கோட் (எதனால நின்னுச்சுன்னு சொல்ற எரர் பேரு), அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க, சார்ஜர்ல இருந்துச்சா பேட்டரிலயா, மூடியத் திறந்து எவ்ளோ நேரம் ஆச்சு, பின்னாடி என்ன மாட்டிருந்தீங்க, இவ்ளோதான். அஞ்சு தடவை எழுதினாலே பாதி கதை வெளிய வந்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட லேப்டாப் "சும்மா சும்மா விழுது"ன்னார், எழுதச் சொன்னேன், ஏழு தடவைல ஆறு தடவை ஸ்லீப்ல இருந்து எழுப்பின ஒரு நிமிஷத்துக்குள்ள. இதுல ரேண்டம் எங்க இருக்கு?

ஆனா ஸ்டாப் கோட் எழுதணும்னா முதல்ல அதைப் படிக்க விடணும்ல. விண்டோஸ் டிஃபால்ட்டா விழுந்ததும் தானே ரீஸ்டார்ட் ஆகிடும், நீங்க போனை எடுக்கிறதுக்குள்ள ஸ்க்ரீன் போயிடும். அதை நிறுத்த, ஸ்டார்ட்ல "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்"னு தேடுங்க, திறக்குற விண்டோல அட்வான்ஸ்டு டேப், அதுல கீழ ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரின்னு ஒரு பகுதி, அதோட செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்க. "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்"ல இருக்கிற டிக்கை எடுத்துடுங்க. அதே இடத்துல கீழ டம்ப் (விழுந்த நேரத்துல மெமரில இருந்ததை எழுதி வைக்கிற ஃபைல்) எந்த வகைன்னு கேக்கும், "ஸ்மால் மெமரி டம்ப்"னு மாத்திக்கோங்க, ஒரு தடவை விழுந்தா ஒரு குட்டி ஃபைல், தனித்தனியா சேந்துட்டே வரும். இன்னொண்ணு, யாரோ சொன்னாங்கன்னு பேஜ் ஃபைலை (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல பயன்படுத்துற இடம்) ஆஃப் பண்ணி வச்சிருந்தா திரும்ப ஆன் பண்ணுங்க, அது இல்லன்னா டம்ப் எழுதவே எழுதாது. கூடவே அந்த "க்ளீனர்" சாஃப்ட்வேர் எதையும் இப்ப ஓட விடாதீங்க, அதுங்க முதல்ல அழிக்கிறதே இந்த டம்ப் ஃபைலைத்தான்.

நடுவுல ஒரு விஷயம். பிரவுசர்ல நீலக் கலர்ல முழு ஸ்க்ரீனுக்கு ஒண்ணு வந்து, சைரன் சத்தத்தோட "இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்க"ன்னு சொன்னா அது ப்ளூ ஸ்க்ரீனே இல்ல, திருட்டுப் பசங்க வேலை. நிஜ ப்ளூ ஸ்க்ரீன் எந்தக் காலத்துலயும் போன் நம்பர் குடுக்காது, மவுஸும் நகராது. எஃப்11 இல்ல எஸ்கேப்பை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, போகலன்னா டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை மூடிடுங்க, அவ்ளோதான். இன்னொரு பக்கம், 2025ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் 11ல இந்த ஸ்க்ரீன் கறுப்பாகிடுச்சு, சோக மூஞ்சியும் க்யூஆர் கோடும் காணோம், அதனால கறுப்பா வந்து ஸ்டாப் கோட் காட்டினாலும் அதுவும் இதேதான்.

சரி, இது எதுக்கு வருது? சாதாரண ஆப் ஒண்ணு தப்பு பண்ணா விண்டோஸ் அந்த ஆப்பை மட்டும் மூடிட்டு மத்ததைப் பாக்கும். ஆனா டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்), ஆன்டிவைரஸ் மாதிரி கெர்னல் லெவல்ல, அதாவது விண்டோஸோட மையத்துல ஓடுறது தப்பு பண்ணா, இல்ல ஹார்டுவேரே தப்பான டேட்டா குடுத்தா, இனிமே ஓட விட்டா டிஸ்க்ல இருக்கிறதும் கெட்டுப் போகும்னு விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்குது. 2024 ஜூலை 19ஆம் தேதி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரே நாள்ல நீலமாச்சே, அதுவும் இந்தக் கதைதான், க்ரவுட்ஸ்ட்ரைக்கோட செக்யூரிட்டி சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு தப்பான அப்டேட், அது ஓடுறது கெர்னல்ல. ஆக ப்ளூ ஸ்க்ரீன் நோய் இல்ல, காய்ச்சல் மாதிரி, உள்ள வேற என்னமோ இருக்கு.

இப்ப உங்க நோட்டைப் பாருங்க. நான் முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணு, கோட் ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கா, வேற வேறயா இருக்கா. ஒரே கோட், ஒரே ஃபைல் பேரு திரும்பத் திரும்ப வந்தா டிரைவர் பக்கம் கை காட்டுது. இன்னிக்கு மெமரி மேனேஜ்மெண்ட், நாளைக்கு பேஜ் ஃபால்ட், அடுத்த நாள் ஐஆர்க்யூஎல்-னு ஆளுக்கொரு பக்கம் சம்பந்தமே இல்லாம வந்தா, ரேம் மேல சந்தேகம் வைங்க. இது சட்டம் இல்ல, ஆனா என் அனுபவத்துல நிறைய தடவை சரியா இருந்திருக்கு.

சில கோடுங்க நேராவே பேசும். "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்" வந்தா ஸ்லீப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாம படுத்துடுச்சு, பெரும்பாலும் வைஃபை, ப்ளூடூத், கிராஃபிக்ஸ் இந்த மூணுல ஒண்ணு. "வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்"னா கிராஃபிக்ஸ். "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்"னா டிஸ்க்ல இருந்து படிக்க முடியலன்னு அர்த்தம், இதைப் பாத்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல பேக்கப் எடுங்க, நான் விளையாட்டுக்குச் சொல்லல. "வீயா அன்கரெக்டபிள் எரர்"னா ப்ராசசரே "என்கிட்ட ஹார்டுவேர் தப்பு"ன்னு ரிப்போர்ட் பண்ணுது, சூடு, வோல்டேஜ், ஓவர்க்ளாக் (ப்ராசசரை அளவுக்கு மேல வேகமா ஓட்டுறது), சில நேரம் எஸ்எஸ்டி. "டிபிசி வாட்ச்டாக்"னா ஏதோ ஒரு டிரைவர் ரொம்ப நேரம் பிடிச்சு வச்சுக்கிச்சு, எஸ்எஸ்டி ஃபர்ம்வேரையும் (அதுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) ஸ்டோரேஜ் டிரைவரையும் பாருங்க. "இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்" வந்தா, சமீபத்துல பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டோட செட்டிங்ஸ்) உள்ள போய் ஸ்டோரேஜ் மோடை மாத்தினீங்களான்னு யோசிங்க, மாத்திருந்தா பழையபடி வச்சிடுங்க, பாதிப் பேருக்கு அதோட சரியாகிடும்.

அடுத்து டம்ப் ஃபைல். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். இதைப் படிக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல விண்டிபிஜின்னு ஒரு டூல் ஃப்ரீயா கிடைக்குது. மினிடம்ப்ல இருக்கிறதை டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணிட்டு அதுல திறங்க, நேரா அங்கயே திறந்தா பர்மிஷன் இல்லன்னு அடம் பிடிக்கும். திறந்ததும் அனலைஸ்னு ஒரு லிங்க் நீலமா தெரியும், அதைத் தட்டுங்க, கொஞ்ச நேரம் சிம்பல்னு சில ஃபைலை டவுன்லோட் பண்ணும், அப்புறம் மாயாஜாலம் மாதிரி பக்கம் பக்கமா ஓடும். பயப்படாதீங்க, கடைசிக்குப் பக்கத்துல மாட்யூல் நேம், இமேஜ் நேம்னு ரெண்டு வரி இருக்கும், அது போதும். அங்க "என்வி"ன்னு ஆரம்பிக்கிற பேரு வந்தா என்விடியா, "ஏஎம்டி"ன்னா அதுவே சொல்லிடுச்சு, "நெட்"டும் "டபிள்யூ"வுமா வந்தா இன்டெல் வைஃபையா இருக்கலாம், "ஆர்டி"ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் ரியல்டெக். புரியாத பேரா இருந்தா அப்படியே கூகுள்ல போடுங்க.

இங்கதான் நிறைய பேரு வழுக்கி விழுவாங்க. இமேஜ் நேம்ல "என்டி ஓஎஸ் கெர்னல்"னு வந்ததும் விண்டோஸ்தான் கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. அது கெர்னலோட ஃபைல், விபத்து நடந்த இடம், விபத்து பண்ண வண்டி இல்ல. வேற யாரோ மெமரியைக் கெடுத்துட்டுப் போயிட்டாங்க, கெர்னல் வந்து மிதிச்சுது. அந்தப் பேரு மட்டுமே திரும்பத் திரும்ப வந்தா, ரேம் டெஸ்டுக்குப் போங்க.

மினிடம்ப் ஃபோல்டரே காலியா? அதுவும் ஒரு தகவல்தான். ஈவென்ட் வியூவர் திறந்து சிஸ்டம் லாக்ல கெர்னல் பவர் 41னு தேடுங்க. 41 வந்தாலே பயப்பட வேண்டாம், ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மறுபடி ஆன் ஆச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அதோட டீட்டெய்ல்ஸ்ல பக்செக் கோட் 0ன்னு இருந்தா பெரும்பாலும் ப்ளூ ஸ்க்ரீன் வரல, கரண்ட் போன மாதிரி சட்டுனு அணைஞ்சிருக்கு இல்ல உறைஞ்சு போய் நீங்களே பவர் பட்டனை அமுக்கிருக்கீங்க. அப்ப பேட்டரி, சார்ஜர், சூடு பக்கம் போங்க. நம்பர் இருந்தா அது சாதாரண எண்ணுல இருக்கும், ஸ்டாப் கோடோட நம்பரை ஹெக்ஸ்ங்கிற 16 அடிப்படை கணக்குல எழுதுவாங்க, உதாரணமா 159னு இருந்தா அது 9எஃப், அதாவது மேல சொன்ன பவர் ஸ்டேட் கோட். ஸ்க்ரீன்ல ஸ்டாப் கோட் நல்லாத் தெரிஞ்சும் டம்ப் மட்டும் எழுதவே இல்லன்னா, எழுத வேண்டிய எஸ்எஸ்டியே அந்த நேரம் காணாமப் போயிருக்கலாம், இது நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன்.

இப்ப சரி பண்ற வேலைக்கு வருவோம். ஒரு விதி, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அஞ்சு டிரைவரை ஒண்ணா அப்டேட் பண்ணா எது சரியாக்குச்சு, எது புதுசா கெடுத்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

பிரச்சனை எப்ப ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சு, அதுக்கு முந்தின ரெண்டு நாள்ல என்ன புதுசா வந்துச்சுன்னு பாருங்க. ஸ்டார்ட்ல "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி"ன்னு தேடினா ஒரு கிராஃப் வரும், எந்த நாள்ல என்ன இன்ஸ்டால் ஆச்சு, எந்த நாள்ல சிவப்பு கிராஸ் விழுந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். விண்டோஸ்ல யாருமே கண்டுக்காத நல்ல டூல் இது. அங்க சந்தேகப்படுற மாதிரி ஆன்டிவைரஸ், விபிஎன், கேம்களோட ஆன்டி சீட், கீபோர்டு லைட் கலர் மாத்துற சாஃப்ட்வேர், இதுங்க எது இருந்தாலும் முதல்ல தூக்குங்க, இதெல்லாமே கெர்னல் வரைக்கும் கை நீட்டுறவங்க. டிரைவர் அப்டேட் ஆனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சுதுன்னா டிவைஸ் மேனேஜர்ல அந்த டிவைஸோட ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக். அந்த பட்டன் மங்கலா இருந்தா பழசு கையில இல்லன்னு அர்த்தம், லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பரைப் போட்டு அவங்க குடுக்கிற வெர்ஷனை எடுங்க. "எல்லா டிரைவரையும் ஒரே க்ளிக்ல அப்டேட் பண்ணித் தர்றோம்"னு வர்ற டூல் எதையும் தொடாதீங்க, அதுங்களாலயே ப்ளூ ஸ்க்ரீன் வந்த லேப்டாப்பை நிறைய பாத்தாச்சு.

விண்டோஸுக்குள்ள போகவே விடாம விழுதுன்னா, லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க, இதை ரெண்டு மூணு தடவை பண்ணா ரெக்கவரி ஸ்க்ரீன் தானா வரும். அதுல ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4 அழுத்தினா சேஃப் மோடு. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா இந்த இடத்துல 48 இலக்க கீ கேக்கும், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் பெரும்பாலும் சேவ் ஆகி இருக்கும், அதனால லேப்டாப் நல்லா இருக்கும்போதே போய் அந்த நம்பரை எழுதி வச்சுக்கோங்க. சேஃப் மோடுல மணிக்கணக்கா விழாம ஓடுச்சுன்னா டிரைவர் மேல சந்தேகம் இன்னும் கூடுது, சேஃப் மோடுலயும் விழுந்தா ஹார்டுவேர் பக்கம் போங்க.

விண்டோஸ் ஃபைல் கெட்டுப் போச்சான்னு பாக்க ரெண்டு கமாண்ட் எல்லாரும் சொல்வாங்க, டிஐஎஸ்எம் ரெஸ்டோர் ஹெல்த், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். பண்ணுங்க, தப்பில்ல, அட்மினா டெர்மினல் திறந்து முதல்ல டிஐஎஸ்எம் அப்புறம் எஸ்எஃப்சின்னு அந்த வரிசைல. ஆனா இதையே மந்திரம் மாதிரி பத்து தடவை ஓட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் "கெட்ட ஃபைல் கிடைச்சுது, சரி பண்ணிட்டேன்"னு புதுசு புதுசா சொல்லிட்டே இருந்தா, ஃபைலைக் கெடுக்கிற ஆளு ரேமோ டிஸ்க்கோதான்.

ரேம் டெஸ்டுக்கு வருவோம், எனக்கு நேரம் போனதே இதுல ஏமாந்துதான். விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக்னு ஒண்ணு இருக்கு, அதை ஓட்டிட்டு "எரர் இல்ல"ன்னு வந்ததும் நான் நம்பிட்டேன். அது டிஃபால்ட்டா மேலோட்டமாத்தான் பாக்கும், ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட்னு மாத்தினாதான் கொஞ்சம் தோண்டும். அதை விட மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணுங்க, ஃப்ரீ வெர்ஷனே நாலு பாஸ் (முழு டெஸ்ட் நாலு சுத்து) ஓடும். சார்ஜரை மாட்டிட்டு ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கப் போயிடுங்க. என்னோடதுல முதல் ரெண்டு பாஸ் சுத்தம், நடுராத்திரி தண்ணி குடிக்க எழுந்து பாத்தா மூணாவது பாஸ்ல சிவப்பா ஒரே ஒரு வரி. ஒண்ணுதானேன்னு விடாதீங்க, ரேம்ல ஒரு எரர் கூட இருக்கக் கூடாது, அந்த ஒரு பிட்ல உங்க ஃபைல் போய் உக்காந்தா அதுவும் போச்சு.

ரெண்டு ஸ்டிக் இருந்தா ஒண்ணொண்ணா மாட்டி டெஸ்ட் பண்ணணும். சார்ஜரைப் பிடுங்கி, அணைச்சு, பின் மூடியைக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க, அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கி மிச்ச கரண்ட்டை வெளியேத்துங்க, ஏதாவது மெட்டலைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. ரேமோட ரெண்டு பக்கமும் சின்னக் கிளிப் இருக்கும், ரெண்டையும் வெளிப்பக்கமா தள்ளினா ஸ்டிக் தானே சாய்ஞ்சு மேல எழும், அந்தச் சாய்வுலயே இழுங்க. திரும்பப் போடும்போதும் அதே சாய்வுல முழுசா உள்ள தள்ளி, தங்கக் கலர் கோடு கிட்டத்தட்ட மறைஞ்ச அப்புறம்தான் கீழ அமுக்கணும், ரெண்டு கிளிப்பும் டிக்னு சத்தம் குடுக்கும். சில நேரம் கழட்டி மாட்டினதுலயே சரியாகிடும், ஏன்னா ஸ்டிக் லேசா நகந்திருக்கும், லேப்டாப்பை ஒரு ஓரத்தைப் பிடிச்சு ஒத்தக் கையில தூக்கும்போது மட்டும் விழுதுன்னா முதல்ல இதைத்தான் பாருங்க. ஒரே ஸ்டிக்கை ரெண்டு ஸ்லாட்லயும் போட்டுப் பாருங்க, ஸ்டிக் எங்க போனாலும் எரர் கூடவே போனா ஸ்டிக் கெட்டது, ஸ்லாட்லயே நின்னா போர்டு. மெலிசான லேப்டாப் நிறையத்துல ரேம் போர்டோடயே சால்டர் பண்ணிருப்பாங்க, அங்க நம்ம கையில ஒண்ணும் இல்ல, சர்வீஸ்தான்.

எஸ்எஸ்டிக்கு க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாருங்க. மேல "குட்"னு நீலமா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு மூடாதீங்க, கீழ மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்னு ஒரு வரி இருந்தா, அது 0வா இருக்கணும். ஏறிட்டே போனா டேட்டாவை எடுத்துட்டு மாத்துற வழியைப் பாருங்க. செக் டிஸ்க்கை பேக்கப் எடுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டாதீங்க, சாகப் போற டிஸ்க்கை அது இன்னும் ஓட ஓட விரட்டும்.

சூடு பாக்க எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர். வேலை குடுக்கும்போது ப்ராசசர் 90 டிகிரியைத் தாண்டுறது இப்ப வர்ற லேப்டாப்ல சகஜம், அது வேகத்தைக் குறைச்சு சமாளிச்சுக்கும். சும்மா இருக்கும்போதே 80ல நின்னா ஃபேன் பக்கம் தூசி அடைச்சிருக்கு இல்ல தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிடுச்சு. காத்து அடிச்சு தூசி எடுக்கும்போது ஃபேனை ஒரு குச்சியால நிறுத்திப் பிடிச்சுக்கோங்க, கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும்.

ஹார்டுவேரா சாஃப்ட்வேரான்னு இன்னும் குழப்பமா இருந்தா, பென் டிரைவ்ல உபுண்டு போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே ரெண்டு மூணு மணி நேரம் வீடியோ ஓட விடுங்க. அங்கயும் உறைஞ்சா விண்டோஸைத் திட்டுறதை நிறுத்திடலாம்.

கடைசி ஆயுதம் டிரைவர் வெரிஃபையர், டம்ப் எல்லாம் கெர்னலையே காட்டி, ரேமும் சுத்தம்னா மட்டும். இது டிரைவர்களை வேணும்னே நெருக்கி, தப்பு பண்றவனைக் கையும் களவுமா பிடிக்கும், பிடிக்கிறதே ப்ளூ ஸ்க்ரீன் போட்டுத்தான். முன்னாடியே ரெஸ்டோர் பாயிண்ட் (பழைய நிலைமைக்குத் திரும்ப விண்டோஸ் வச்சுக்கிற சேவ்) வச்சுக்கோங்க, மைக்ரோசாஃப்ட் இல்லாத டிரைவரை மட்டும் செலக்ட் பண்ணுங்க. பூட் ஆகும்போதே விழுந்துட்டே இருந்தா சேஃப் மோடுல போய் கமாண்ட் ப்ராம்ப்ட்ல வெரிஃபையர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ரீசெட். ஆள் மாட்டினதும் மறக்காம ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா லேப்டாப் ஆமை மாதிரி நகரும்.

பயாஸ் அப்டேட் பல நேரம் நிஜமாவே உதவும், ஆனா சார்ஜர் மாட்டி, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டுத்தான். அதை விட முக்கியம், அடிக்கடி விழுற லேப்டாப்ல பயாஸ் அப்டேட் பாதில விழுந்தா போர்டே போயிடலாம், அதனால ரேம் சுத்தம்னு தெரிஞ்ச அப்புறம் பண்ணுங்க.

ஏதோ ஒண்ணு மாத்தி ரெண்டு நாள் விழலன்னா உடனே கொண்டாட வேண்டாம். முன்னாடி மூணு நாளைக்கு ஒரு தடவை விழுந்துச்சுன்னா, ரெண்டு வாரம் விழாம ஓடினாதான் நான் நம்புவேன். சர்வீஸுக்குத்தான் குடுக்கணும்னா டேட்டாவை எடுத்து வச்சுட்டு, அந்தத் தேதி எழுதின நோட்டு, டம்ப் ஃபைல் காப்பி, மெம்டெஸ்ட்ல சிவப்பு வரி வந்த போட்டோ மூணையும் சேத்துக் குடுங்க. நான் முதல் தடவை வெறுங்கையோட போனப்ப ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது"ன்னு திருப்பிக் குடுத்தாங்க, ரெண்டாவது தடவை அந்த போட்டோவைக் காட்டினேன், பேசாம ரேமை மாத்திக் குடுத்தாங்க.